நகையும் வர்க்கமும்: மொன்ரி பைதன் நிகழ்ச்சியொன்று பற்றிய விமர்சன நோக்கு

நகை பற்றிய ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறும். இவற்றுள் எள்ளலை விளக்கவந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவது மற்றொன்று என அதனை இருவகைப்படுத்துவர். இவற்றுள் இரண்டாவது வகை சிந்தனைக்குரியது. வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயமொன்றிலே யார் யாரைப் பார்த்து நகைக்கின்றனர் என்பது அடிப்படையான வினாவாகும். எள்ளப்பட்டவன் தானும் சேர்ந்து நகைப்பானாயின், அது அவனது அடிமை மனப்பான்மையின் வெளிப்பாடா, அன்றி எள்ளலின் உள்ளே தனக்குச் சார்பானதோர் உண்மையை அவன் இனங்கண்டுகொண்டதன் விளைவா?

மார்க்சிய விமர்சகனுக்கு இவ்வினா நேர்முகமாகவே எழும் சந்தர்ப்பமொன்று பிரித்தானியத் தொலைக்காட்சி வரலாற்றில் உண்டு. பி.பி.சி. நிறுவனம் 1969 ஒக்ரோபர் 5ஆந் திகதி முதல் 1974 வரை 45 பகுதிகளாக ஒளிபரப்பிய 'மொன்ரி பைதனின் பறக்கும் சர்க்கஸ்' என்ற துணுக்கு நகைச்சுவைத் தொடரின் 25ஆவது பகுதியே அது. 1970 டிசம்பர் 15ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை இரவு, அது ஒளிபரப்பாயிற்று. 'ஸ்பாம்' என்ற இறைச்சிப் பேணியின் பெயராலேயே இப்பகுதி இன்று அறியப்படுகின்றது. ஆயினும் கார்ல் மார்க்ஸ், லெனின், சே குவேரா, மாஓ சேதுங் ஆகிய நால்வரும் உதைபந்தாட்டம் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்க முயலும் துணுக்கும், ஓவியங்களிலுள்ள மாந்தர் வேலைநிறுத்தஞ் செய்யும் துணுக்கும் இதே பகுதியில் இடம்பெறுகின்றன என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. துணுக்குகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து இரசிக்கும் வழக்கமே இதற்குக் காரணம். ஒளித்தட்டுகளும் இணையமும் அவ்வழக்கத்தினை மேலும் வலுப்படுத்தியுள்ளன. பகுதியை முழுமையாக நோக்கினாலன்றி அதன் கருத்துநிலை புலப்படாது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை நிலைப்பாடாகும்.

இத்தொடர் பற்றி முற்போக்காளரிடையே பொதுவாக இரு கருத்துக்கள் நிலவுவதைக் காணலாம். ஒன்று, இது சீரழிவு நிலையெய்திய பூர்ஷுவாப் புத்திஜீவிகளின் பொருளற்ற விளையாட்டு என்பது. மற்றையது, அதிகாரத்தின் எல்லாவகைச் சின்னங்களையும் நகையாடுவதால் இது இயல்பாகவே கலகத்தன்மை வாய்ந்தது என்பது. இரண்டும் சோம்பலான கருத்துக்களே. முன்னையது பொருளற்றது போலத் தோன்றுவதற்கும் ஒரு சமூகப் பொருளுண்டு என்பதை மறந்துவிடுகின்றது. பின்னையதோ எதனையும் நகையாடுபவன் எவருக்கும் சார்பற்றவன் என்ற தாராண்மைவாத மாயையை அப்படியே ஏற்றுக்கொள்கின்றது.

தொடரின் ஆக்கியோர் அறுவர். கிரகாம் சப்மன், ஜோன் கிளீஸ், எரிக் ஐடில் ஆகியோர் கேம்பிரிட்ஜிலும், ரெறி ஜோன்ஸ், மைக்கேல் பாலின் ஆகியோர் ஒக்ஸ்போர்டிலும் கற்றவர்கள். அசைவூட்டச் சித்திரங்களை ஆக்கிய ரெறி கில்லியம் அமெரிக்கர். ஆளும் வர்க்கத்தின் கல்விக்கூடங்களிற் பயின்று, அவ்வர்க்கத்தின் பேச்சையும் தோரணையையும் உள்ளிருந்தே அறிந்து, அவற்றைப் போலச்செய்து காட்டுவதில் இவர்கள் வல்லவர்கள். நீதிபதி, இராணுவ மேஜர், பாதிரியார், அறிவிப்பாளர், வரலாற்றறிஞர் ஆகியோரை இவர்கள் நையாண்டி செய்யும்போது அதில் அறிவின் கூர்மை தென்படும். உழைப்பாளரையும் அந்நியரையும் பெண்களையும் தொடும்போது அக்கூர்மை பெரும்பாலும் மழுங்கிப்போகின்றது. இங்கு நாம் ஆராயும் பகுதி அவ்வேறுபாட்டினை ஒரே அரைமணி நேரத்துள் அருகருகே காட்டிவிடுகின்றது.

'உலக அரங்கம்' என்ற துணுக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். பாரிய அரசியற் கலந்துரையாடலொன்றுக்குரிய மிடுக்குடன் அது தொடங்குகின்றது. உலக வரலாற்றை மாற்றிய நால்வர் ஒரே மேசையில் கூடியிருப்பதாக அறிவிப்பாளர் (எரிக் ஐடில்) பெருமிதத்தோடு கூறுகின்றார். அடுத்த கணமே மார்க்சிடம் அவர் கேட்கும் வினா, 'ஹமர்ஸ்', அதாவது 'சம்மட்டிகள்', என்பது எந்த ஆங்கில உதைபந்தாட்டக் கழகத்தின் செல்லப்பெயர் என்பதாகும். மார்க்ஸ் விழிக்கின்றார். கொவன்றி சிற்றி கழகம் இறுதியாக எந்த ஆண்டில் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தை வென்றது என்பது சே குவேராவிடம் கேட்கப்படுகின்றது. எவருக்கும் விடை தெரியவில்லை. அது பொறிவினா; அக்கழகம் ஒருபோதும் வென்றதில்லை என்று அறிவிப்பாளர் வெற்றிக்களிப்போடு விளக்குகின்றார். மெல்லிசைப் பாடலொன்று பற்றிய வினாவுக்கு மாஓ மட்டும் சரியாக விடை சொல்லிவிடுகின்றார். பின்னர் மார்க்ஸ் பரிசுச் சுற்றுக்குத் தெரிவாகின்றார். பரிசு அழகியதோர் இருக்கைத் தொகுதி. நம்மவர் வீடுகளில் 'செற்றி' என்போமே, அதுதான். கைத்தொழிற் பாட்டாளி வர்க்கத்தின் வளர்ச்சி எதனாலே நிர்ணயிக்கப்படுகின்றது? வர்க்கத்துக்கு எதிராக வர்க்கம் நடத்தும் போராட்டம் எத்தகையது? இரண்டுக்கும் மார்க்ஸ் தயக்கமின்றி விடையளிக்கின்றார். மூன்றாவது வினா: 1949ஆம் ஆண்டு உதைபந்தாட்டச் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் வென்றது யார்? தொழிலாளரின் உற்பத்திச் சாதனக் கட்டுப்பாடா, நகர்ப்புறப் பாட்டாளியின் போராட்டமா என மார்க்ஸ் தடுமாறுகின்றார். லெஸ்ரர் அணியை 3–1 என வென்ற வூல்வர்ஹம்ரன் வொண்டரர்ஸ் என்பதே விடை. செற்றி கைநழுவிப் போகின்றது.

இதனைப் பொதுவுடைமை எதிர்ப்புப் பிரசாரமாகக் கொள்வோர் உளர். மேலோட்டமாகப் பார்ப்பின் அதற்கு இடமுண்டு. தொல்காப்பியக் கலைச்சொல்லிற் கூறுவதாயின் இங்கு நகை பிறப்பது மார்க்சின் 'பேதைமை'யினால். உலகை விளக்கியவருக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயர் தெரியவில்லை. புத்தகப் புரட்சியாளன் சாதாரண மக்களின் மகிழ்ச்சியை அறியாதவன் என்ற பழைய குற்றச்சாட்டின் நகைச்சுவை வடிவமாக அதனைக் கொள்ளலாம். ஆனால் துணுக்கின் அமைப்பினைக் கூர்ந்து நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். மார்க்ஸ் சரியாக விடையளிக்கும் இரு வினாக்களும் நகைச்சுவைக்காக இட்டுக்கட்டப்பட்டவை அல்ல. முன்னையது 1850ஆம் ஆண்டு எழுதப்பட்ட 'பிரான்சில் வர்க்கப் போராட்டங்கள்' என்ற ஆக்கத்தில் வரும் கருத்து. பின்னையது 1847ஆம் ஆண்டு வெளிவந்த 'மெய்யியலின் வறுமை' என்ற நூலின் இறுதிப் பகுதியில் வருவது. எழுதியோர் மூலநூல்களைப் புரட்டியுள்ளனர் என்பதில் ஐயமில்லை. பகைமை நோக்குடைய பிரசாரகன் இந்த உழைப்பை மேற்கொள்ள மாட்டான். அவனுக்கு மார்க்சின் வாயில் ஓர் உளறல் போதும்.

எனவே இங்கு எள்ளப்படுவது எது? மார்க்சின் கூற்று உளறலாக்கப்படவில்லை. அது 'சரியான விடை' ஆக்கப்படுகின்றது. வர்க்கப் போராட்டம் அரசியற் போராட்டமாகும் என்ற முடிபும், வூல்வர்ஹம்ரன் கிண்ணத்தை வென்றது என்ற செய்தியும், மணி ஒலிக்க, கரகோஷம் எழ, ஒரே எடையுடைய இரு விடைகளாகின்றன. இரண்டையும் ஒரே விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். விலை ஒரு செற்றி. வேறுபட்ட பயன்பெறுமதிகளை ஒரே பரிவர்த்தனைப் பெறுமதியாக்கும் பண்டத்தின் தன்மையை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தின் தொடக்கத்திலேயே விளக்கினார். அறிவு பண்டமாகும்போது நிகழ்வதும் அதுவே. அரசியற் கலந்துரையாடல் என்ற மதிப்பார்ந்த வடிவமும் பரிசுப் போட்டி என்ற மலிவான வடிவமும் ஒன்றினுள் ஒன்று எளிதாக நழுவிப்போவதையும் துணுக்கு காட்டிவிடுகின்றது. அறிவிப்பாளரின் குரல் மாறவில்லை, மேசை மாறவில்லை, வினா மட்டுமே மாறுகின்றது.

இவ்விடத்தில் ஆக்கியோரும் அறியாதிருக்கக்கூடிய ஒன்றைச் சுட்டவேண்டும். 'சம்மட்டிகள்' எனப்படும் வெஸ்ற் ஹாம் யுனைற்றெட் கழகம், 1895ஆம் ஆண்டு கிழக்கு இலண்டனிலிருந்த தேம்ஸ் இரும்புத் தொழிற்சாலையின் கப்பல் கட்டும் தொழிலாளருக்கென உருவான கழகத்திலிருந்து வளர்ந்தது. அதன் சின்னத்திற் குறுக்கிட்டுக் கிடக்கும் சம்மட்டிகள் அவர்களது தொழிற்கருவிகளே. தொழிலாளரின் ஓய்வு நேரத்தையும் ஒழுங்குபடுத்த விரும்பிய முதலாளி ஆர்னோல்ட் ஹில்ஸ் அக்கழகத்துக்கு ஆதரவளித்தார். தொழிற்சாலை 1912இல் மூடப்பட்டது. செல்லப்பெயர் மட்டும் எஞ்சிற்று. கொவன்றி சிற்றி கழகமோ 1883இல், மார்க்ஸ் இலண்டனிற் காலமான அதே ஆண்டில், சிங்கர் துவிச்சக்கர வண்டித் தொழிற்சாலையின் ஊழியர்களால் தொடங்கப்பட்டது. கைத்தொழிற் பாட்டாளி வர்க்கத்தின் வளர்ச்சி எதனாலே நிர்ணயிக்கப்படுகின்றது என்ற வினாவுக்கும் 'சம்மட்டிகள்' யார் என்ற வினாவுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு உண்டு. பரிசுப் போட்டி அத்தொடர்பினை அறுத்துவிடுகின்றது. செய்தி எஞ்சுகின்றது; செய்தியை உண்டாக்கிய உழைப்பு மறைந்துவிடுகின்றது. உதைபந்தாட்ட வினாவுக்குத் தொழிலாளரின் உற்பத்திச் சாதனக் கட்டுப்பாடு என்று விடை தேடிய மார்க்ஸ், துணுக்கு எண்ணியதைவிடச் சரியான விடைக்கு அண்மையிலேயே நிற்கின்றார்.

பிறிதொன்று. கொவன்றி சிற்றி 1987ஆம் ஆண்டு அக்கிண்ணத்தை வென்றுவிட்டது. 1970இல் அசைக்கமுடியாத 'சரியான விடை'யாக இருந்தது 17 ஆண்டுகளிற் பிழையாகிவிட்டது. 1847ஆம் ஆண்டு முடிபின் நிலை வேறு; பகுதி ஒளிபரப்பான மாதத்திலேயே அது பிரித்தானிய வீதிகளில் மெய்ப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இது நம்மை இரண்டாவது துணுக்கிற்கு இட்டுச்செல்கின்றது. 1970 ஜூனில் ஆட்சிக்கு வந்த எட்வேர்ட் ஹீத்தின் அரசாங்கம், தொழிற்சங்கங்களைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தும் கைத்தொழில் உறவுகள் மசோதாவை அவ்வாண்டு டிசம்பரிற் பாராளுமன்ற விவாதத்துக்கு எடுத்தது. டிசம்பர் 8ஆந் திகதி இலட்சக்கணக்கான தொழிலாளர் எதிர்ப்பு வேலைநிறுத்தஞ் செய்தனர். மின்வழங்கல் ஊழியர் டிசம்பர் 7 முதல் விதிப்படி வேலை இயக்கத்தில் இறங்க, நாடு இருளில் மூழ்கியது. 12ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 14ஆந் திகதி அவ்வியக்கம் முடிவுற்றது. அடுத்த நாள் இரவு, மின்சாரம் மீண்ட வீடுகளில், ஓவிய மாந்தரின் வேலைநிறுத்தம் ஒளிபரப்பாயிற்று. நிகழ்ச்சி அதற்கு முன்னரே பதிவுசெய்யப்பட்டதாகையால் இதனை நேரடி விமர்சனமாகக் கொள்ளமுடியாது. ஆனால் அவ்வாண்டு முழுவதுமே ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வேலைநாட்கள் வேலைநிறுத்தங்களில் கழிந்தன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தனியொரு சம்பவத்தினைவிடக் காலத்தின் பொதுநிலையே இங்கு முக்கியமானது.

கொன்ஸ்ரபிள் 1821இல் வரைந்த 'வைக்கோல் வண்டி' ஓவியத்தின் மாந்தர் சட்டகத்தை விட்டு வெளிநடப்புச் செய்கின்றனர். பிற சித்திரங்களிலுள்ளோரும் அவர்களைத் தொடர்கின்றனர். பின்னர் ஏலக்கூடம்: வெர்மீரின் சாளரத்தருகே நின்ற பெண் இப்போது அங்கில்லை, 'சாளரத்தருகே முன்னர் இருந்த பெண்' என அவ்வோவியம் ஏலங்கூறப்படுகின்றது. லான்ட்சீரின் மான் ஓவியத்தில் மானுமில்லை. மாபெரும் ஓவியங்கள் சில்லறைக் காசுக்குப் போகின்றன.

கற்பனையளவில் இது மிகச் சிறந்த துணுக்கு. 'வைக்கோல் வண்டி' தீட்டப்பட்ட காலம் அமைதியான காலமன்று. 1816இலும் 1822இலும் கிழக்கு ஆங்கிலியாவின் விவசாயக் கூலிகள் பட்டினியினாற் கலகஞ் செய்தனர். ஆங்கில நிலக்காட்சி ஓவியங்களில் நாட்டுப்புற ஏழைகள் எவ்வாறு தூரத்தே நிறுத்தப்பட்டு, முகமற்றவராக, இயற்கையின் ஒரு பாகமாகக் கரைக்கப்பட்டனர் என்பதை ஜோன் பரல் 1980இல் வெளியிட்ட 'நிலக்காட்சியின் இருண்ட பக்கம்' என்ற ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டினார். அந்நூல் வெளிவருவதற்குப் பத்தாண்டுகளின் முன்னர், ஒரு நகைச்சுவைத் துணுக்கு அக்கரைந்த மனிதரைச் சட்டகத்தின் முன்னே நடந்துவரச் செய்து பேசவும் வைத்துவிட்டது. அதுமட்டுமன்று. அவர்கள் வெளியேறியதும் ஓவியத்தின் விலை விழுகின்றது. பெறுமதியின் ஊற்று எங்கேயுள்ளது என்பதற்கு இதனைவிடத் தெளிவானதொரு காட்சி வேண்டியதில்லை.

ஆயினும் பார்வையாளன் எதனை நோக்கி நகைக்கின்றான்? இங்குதான் முதலாவது துணுக்கில் இருந்த நேர்மை கைவிடப்படுகின்றது. ஓவியத்துள்ளிருந்து வரும் உழைப்பாளிக்குக் கொடுக்கப்படும் மொழி பட்டிக்காட்டான் பேச்சு. அவனது நடத்தை தொழிற்சங்கக்காரன் பற்றிய பத்திரிகைக் கேலிச்சித்திரம். வெளிநடப்பு நினைவில் நிற்கின்றது; எதற்காக வெளிநடந்தனர் என்பது நிற்பதில்லை. காரணம் நீக்கப்பட்ட வேலைநிறுத்தம் வெறும் தொந்தரவாகவே தோன்றும். 1959ஆம் ஆண்டுத் திரைப்படமாகிய 'ஐ'ம் ஓல் றைற் ஜாக்' முதலாகப் பிரித்தானிய நகைச்சுவை வளர்த்துவந்த மரபு இது. முதலாளியையும் எள்ளி, தொழிற்சங்கத் தலைவனையும் எள்ளி, இருவரும் சமனே என நிறுவும் மரபு. மார்க்சின் கூற்றை நூலிற் சென்று தேடிய அதே எழுத்தாளர் குழு, தொழிலாளியின் கோரிக்கையைத் தொழிற்சாலையிற் சென்று தேடவில்லை. நூலகம் அவர்களுக்குப் பழக்கமான இடம், தொழிற்சாலை அவ்வாறன்று. இவ்வேறுபாட்டினைத் தனிமனிதரின் நற்குண தீயகுணமாகக் கொள்வது தவறு. அது வர்க்க அனுபவத்தின் எல்லை.

'ஈப்ரே 1914' என்ற யுத்தகளத் துணுக்கிலோ அவர்கள் தமக்குத் தெரிந்த நிலத்திற்கு மீள்கின்றனர். பதுங்குகுழியில் ஐவர், உணவும் நீரும் நால்வருக்கே உண்டு. ஒருவர் மடியவேண்டும். துரும்பெடுத்துப் பார்க்கின்றனர், குறுந்துரும்பு மேஜருக்கே வருகின்றது. முறையை மாற்றுகின்றார், மறுபடியும் அவரே தோற்கின்றார், மறுபடியும் முறை மாற்றப்படுகின்றது. இறுதியில், சாக விரும்பாதோர் கைகளை உயர்த்துக என்கின்றார். குழுவிலுள்ள பாதிரியாருக்குக் கைகள் இல்லை. விதிகள் எல்லோருக்கும் பொதுவானவையாகத் தோற்றமளிக்க, அவற்றை மாற்றும் உரிமை மட்டும் ஒருவரிடமே இருப்பதனை இதனைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். பூர்ஷுவாச் சட்டத்தின் இயல்பு பற்றி விரிவுரை நிகழ்த்துவோர் இத்துணுக்கினைக் கையாளலாம். மிகைநடிப்பு மருத்துவமனை, மலர் அலங்காரம் ஆகிய துணுக்குகள் பற்றிக் கூறுவதற்கு அதிகமில்லை. அவை சத்தத்தையே நம்பியுள்ளன.

ஹங்கேரியச் சொற்றொடர்க் கைந்நூல் பற்றிய துணுக்கு அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. 1970ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசு இடிந்து கிடந்ததாகவும், வீதிகளில் அந்நியர் நிறைந்திருந்ததாகவும் அறிவிக்கும் ஓர் எழுத்தோட்டத்துடன் அது தொடங்குகின்றது. 1956இன் பின்னர் ஏறத்தாழ 20,000 ஹங்கேரிய அகதிகள் பிரித்தானியாவுக்கு வந்திருந்தனர். ஆனால் 1970இல் அந்நியர் என்ற சொல் ஆங்கிலேயருக்கு நினைவூட்டியது ஹங்கேரியரை அன்று. 1968 ஏப்ரல் 20ஆந் திகதி ஈனக் பவல் பேமிங்ஹாமில் நிகழ்த்திய இனவாத உரையும், அதே ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டமும் குறிவைத்தவர்கள் பழைய பேரரசின் கறுப்பு, மண்ணிற மக்கள். அவர்களின் இடத்தில் வெள்ளை ஹங்கேரியன் ஒருவன் நிறுத்தப்பட்டிருப்பது தந்திரமா, தப்பித்தலா என்பது விவாதத்துக்குரியது. புகையிலைக் கடைக்கு வரும் அவன், கைந்நூலைப் பார்த்து, தன் மிதவைக்கலம் விலாங்குகளால் நிரம்பியுள்ளது என்கின்றான். பின்னர் வாயில் வருவதெல்லாம் ஆபாசம். மடன் என்பதைப் பிறர் கொளுத்தக் கொண்டு கொண்டதை விடாமை என விளக்குவது உரைமரபு. அதற்கு இவனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அச்சிட்டுத் தரப்பட்ட மொழியை முழுமனதோடு நம்புகின்றான், அடியும் வாங்குகின்றான், பொலிசும் அவனைப் பிடிக்கின்றது. குற்றவாளி நூலை வெளியிட்டவனே எனத் துணுக்கு அவனை நீதிமன்றத்தில் ஏற்றுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நியனின் அறியாமை தயாரித்து விற்கப்பட்ட ஒன்று என்ற உண்மை இதனால் வெளியாகின்றது. நகை பிறப்பதென்னவோ அவன் வாயிலிருந்துதான்.

இவையெல்லாம் சென்று கூடுமிடம் ஸ்பாம் உணவகம். அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்து ஹோர்மெல் நிறுவனம் 1937இல் சந்தைப்படுத்தத் தொடங்கிய இப்பேணி இறைச்சி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உதவிப் பொருளாகப் பிரித்தானியாவை வந்தடைந்தது. (ரெறி கில்லியம் பிறந்ததும் அதே மாநிலத்திற்றான்.) பங்கீட்டு முறை 1954 வரை அங்கு நீடித்தது. அத்தலைமுறைக்கு ஸ்பாம் என்பது வறுமையின் சுவை. துணுக்கிலே உணவகப் பணிப்பெண் படிக்கும் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு பெயரும் வெவ்வேறு. உள்ளே இருப்பது ஒரே பண்டம். ஒரு கலவையில் அது ஒருமுறை, மற்றொன்றிற் பலமுறை. தெரிவுச் சுதந்திரம் என முதலாளித்துவம் பெருமையடிக்கும் விடயம் ஏகபோகத்தின் கீழ் இவ்வாறே அமைகின்றது. ஸ்பாம் பிடிக்காத பெண்ணொருத்தி இருக்கின்றாள். அவளது எதிர்ப்பை, அருகிலிருந்து ஸ்பாமின் புகழ்பாடும் வைக்கிங் கூட்டத்தின் பாடல் அமுக்கிவிடுகின்றது. அப்பெண் வேடம் பூண்டவர் கிரகாம் சப்மன். இத்தொடரில் பேசத்தக்க பெண்பாத்திரங்களை ஆண்களே கீச்சுக்குரலில் ஏற்பதும், கரல் கிளீவ்லன்ட் போன்ற நடிகையர் பெரும்பாலும் அழகுப்பொருளாக நிறுத்தப்படுவதும் வழக்கம். 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரேயொரு நுகர்வோன் குரலும் இங்கு கேலிக்குரலாகவே வெளிவருகின்றது.

வைக்கிங்குகள் பற்றிப் பேசவந்த வரலாற்றறிஞரின் (மைக்கேல் பாலின்) விரிவுரையும் ஸ்பாம் என்ற சொல்லுக்கு இரையாகின்றது; அவரும் அந்த உணவகத்துள்ளேயே இருப்பது தெரியவருகின்றது. முற்பகுதியில் வந்த ஹங்கேரியனும் அங்கு வந்துசேர்கின்றான். றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட 'தொலைக்காட்சி: தொழினுட்பமும் பண்பாட்டு வடிவமும்' என்ற நூலில், தொலைக்காட்சியின் சிறப்பியல்பு தனித்தனி நிகழ்ச்சிகளில் அன்றி, அவை ஒன்றோடொன்று கலந்தோடும் தொடரோட்டத்திலேயே உள்ளது என வாதிட்டார். புரட்சி, யுத்தம், வேலைநிறுத்தம், பசி ஆகிய எதுவும் அவ்வோட்டத்தில் தன் எல்லையைக் காத்துக்கொள்ளமுடியாது. வில்லியம்ஸ் கோட்பாடாக்கியதனை நான்கு ஆண்டுகள் முன்னரே இப்பகுதி வடிவமாக்கிவிட்டது. ஓட்டத்துக்கு வெளியே நின்று பேசும் அறிஞன் என எவனும் இல்லை. இங்கேதான் பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகும் நகை நமக்குச் சாத்தியமாகின்றது. மார்க்ஸ் செற்றியை இழந்தபோது மார்க்சியன் சிரிக்கலாம். தன் கூற்று 'சரியான விடை'யாக விலைபோகும் உலகினை அவன் அதிற் காண்கின்றான். ஓவியத்து உழைப்பாளி வெளியேறும்போது அவன் அவ்வாறு சிரிக்க இயலாது. அங்கு உலகின் விலங்கு காட்டப்படவில்லை, விலங்கிடப்பட்டவனே காட்டப்படுகின்றான்.

மார்க்சாக நடித்த ரெறி ஜோன்ஸ் பிற்காலத்திற் சோசரின் வீரனைக் கூலிப்படையாளனாக நிறுவும் ஆய்வுநூலொன்றினை 1980இல் வெளியிட்டார். வீரயுகப் பொலிவின் கீழே பொருளியலைத் தேடும் பார்வை அவரிடம் இருந்தது என்பதற்கு அது சான்று. அவர் 2020இல் மறைந்தார். ஆனால் துணுக்கின் வரலாறு வேறு வழியிற் சென்றது. வேண்டாத விளம்பர மின்னஞ்சலுக்கு அவ்விறைச்சியின் பெயரே இணைய உலகிற் பெயராயிற்று. 2005இல் பிராட்வேயில் 'ஸ்பாமலொட்' என்ற இசைநாடகம் அரங்கேறியபோது, ஹோர்மெல் நிறுவனம் அதனையொட்டி விசேட தகரப் பேணியொன்றினை விற்பனைக்கு விட்டது. எள்ளப்பட்ட பண்டம் எள்ளலையே தன் சுவையூட்டியாக்கிக்கொண்டது.

நிகழ்ச்சியின் இறுதியிலே பங்களித்தோரின் பெயர்கள் திரையில் ஓடுகின்றன. வைக்கிங்குகளின் பாடல் இன்னும் ஓயவில்லை. பெயர்களின் நடுவே ஸ்பாம், முட்டை, சொசேஜ் என உணவுப் பெயர்கள் செருகப்பட்டுள்ளன. நடிகர், எழுத்தாளர் என எவர் பெயரும் தனித்து நிற்பதில்லை. அந்த அரைமணி நேரத்தை உழைத்து ஆக்கியோரும் அவ்வுணவகத்துப் பட்டியலிலேயே இடம்பெறுகின்றனர்.